அரிய கிருமிகளால் வரும் இரத்தத் தொற்று: நீங்கள் எதிர்கொண்டவை

நுண்ணுயிரியல் மருத்துவர்:

நீரிழிவு கட்டுக்குள் இல்லாத ஒருவர் விடாத காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவருடைய பிளட் கல்ச்சரில் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளர்ந்த கிருமியைத் தானியங்கிக் கருவி 'பர்கோல்டேரியா செபேசியா' என்று காட்டியது. பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே தொற்றும் அக்கிருமி, வீட்டிலிருந்து நேராக வந்தவரின் இரத்தத்தில் இருப்பது பொருந்தவில்லை என்பதால், அறிக்கையை நிறுத்திவைத்துவிட்டு ஸ்லைடை மீண்டும் பார்த்தோம். கிருமிகளை நிறமூட்டிக் காட்டும் கிராம் சாயத்தில், கோல் வடிவக் கிருமிகளின் இரு முனைகளும் அழுத்தமாகச் சிவந்து, நடுப்பகுதி வெளிறி, ஊக்கைப் போலத் தெரிந்தன. ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் தோய்த்த வட்டுகளின் விளிம்புவரை நெருங்கி வளர்ந்திருந்த கிருமி, அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வட்டைச் சுற்றி மட்டும் அகலமாக ஒதுங்கியிருந்தது. இந்தச் சேர்க்கையைக் கண்டால் மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றுநோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லையைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும் அதையே உறுதிப்படுத்தியது. ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற மருத்துவர்கள் 1912இல் விவரித்த கிருமியை இன்றைய கருவிகளும் தவறவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஐயம் எழுந்த உடனேயே தட்டுகளைப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மாற்றினோம். தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் இக்கிருமியிடம் ஆபத்தானது.

பெயர் மாறியதால் சிகிச்சையும் மாறியது. செஃப்ட்ரியாக்சோனை நிறுத்திவிட்டுச் செஃப்டாசிடைமை இரத்தக்குழாய் வழியே தொடங்கினார்கள். இதைக் குறைந்தது 10 முதல் 14 நாட்களும், உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி இருந்தால் அதற்கு மேலும் தர வேண்டும் என்பதால், கல்லீரலையும் மண்ணீரலையும் ஸ்கேன் செய்யச் சொன்னோம். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது 12 வாரங்கள் தொடர வேண்டும். காய்ச்சல் விட்டதும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுவதும், நோய் திரும்புவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பொது மருத்துவர்:

மேலே கூறியதற்கு வார்டு பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மண்ணீரல் அகற்றப்பட்ட ஒருவர் இரத்த அழுத்தம் சரிந்த நிலையில் வந்தார்; விரலில் இருந்த சிறு கீறல் நாய் கடித்தது என்பதைத் துருவிக் கேட்ட பிறகே சொன்னார். கல்ச்சருக்குக் காத்திராமல் பைபெராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கி, அவ்விரண்டு விவரங்களையும் படிவத்தில் எழுதி அனுப்பினேன். பாட்டிலில் வளர்ச்சி தாமதமாகவே தெரிந்தது. கிருமி வளர்க்கப் பயன்படும் மெக்கான்கி தட்டில் எதுவும் வரவில்லை. படிவத்தைப் படித்திருந்த ஆய்வகத்தினர் இரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டான இரத்த அகாரைக் கார்பன் டை ஆக்சைடு மிகுந்த சூழலில் கூடுதல் நாட்கள் வைத்திருந்ததால்தான், நாய்களின் வாயில் வாழும், முனை கூர்ந்த மெல்லிய கோல்களான கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ் என்ற கிருமி பிடிபட்டது.