பேகலும் காபியும்: ஊர் திரும்பிய பிறகும் விடாத காலைப் பலகாரம்

தேவகோட்டையார் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு நானும் என் மனைவியும் சென்ற மாதம் ஊர் திரும்பினோம். மகனின் குடியிருப்புக்கு அருகில், பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பேகல் கடை இருந்தது; பேகல் என்பது நடுவில் துளையுள்ள, வளைய வடிவ ரொட்டி. காலை நடையை முடித்துக்கொண்டு அங்கே போய், எள் தூவிய ஒரு பேகலை இரண்டாக அறுத்து வாட்டச் சொல்லி, க்ரீம் சீஸ் தடவி வாங்கிக்கொண்டு, பெரிய காகிதக் குவளை நிறையக் காபியுடன் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அறுபத்தெட்டு வயது வரை இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம் தவிர வேறெதையும் காலைப் பலகாரமாக ஏற்காத எனக்கு இது எப்படிப் பிடித்துப்போனது என்று வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.

ஊருக்கு வந்த பின்னும் நாக்கு அதையே கேட்கிறது. மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பிசைந்து, வளையமாக உருட்டி, ஓவனில் சுட்டுப் பார்த்தோம். நடுவில் துளை போட்ட பன் கிடைத்தது. தேநீரில் தோய்த்துத் தின்ன நன்றாகத்தான் இருந்தது; ஆனால் பல்லுக்கு வேலை கொடுக்கும் அந்த இழுவையும், மேல்தோலின் பளபளப்பும் வரவில்லை. எங்கே தவறினோம்? அந்தப் பளபளப்பு முட்டை பூசுவதால் வருவதா? என் மனைவி முட்டை சேர்ப்பதில்லை. அந்த ஐயத்தாலேயே மூன்று மாதமும் அங்கே காபி மட்டும் குடித்துவிட்டு வந்தார். இன்னொன்று, நம் வீட்டு டிகாஷன் காபியோடு பேகல் ஏன் பொருந்தவில்லை என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

செக்காலை அடுமனை:

ஐயா, முக்கியமான ஒரு படி விட்டுப்போயிருக்கிறது: பேகலை ஓவனில் வைப்பதற்கு முன் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். நீரில் பக்கத்துக்கு 45 விநாடி இருந்தால் மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து வெந்து கூழாகி ஒரு தோல் போலப் படிந்துவிடும். அவித்தெடுத்த கொழுக்கட்டையின் மேல் மினுமினுப்பைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அதுதான். அந்தத் தோல் முன்கூட்டியே இறுகிவிடுவதால் ஓவனுக்குள் பேகல் பன்னைப் போல உப்ப முடியாமல் உள்ளே அடர்த்தியாக நின்றுவிடுகிறது. ஆகவே பளபளப்புக்கு முட்டை தேவையே இல்லை.

இரண்டாவது காரணம் மாவு. பேகலுக்குப் புரதம் 13 விழுக்காட்டுக்குக் குறையாத மாவு வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மைதாவில் பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். 500 கிராம் மைதாவுக்கு 20 கிராம் கோதுமை குளூட்டன் (கோதுமைப் புரதம்) தூள் சேர்த்தால் குறை ஏறக்குறைய நீங்கும். அதோடு 280 மி.லி. நீர், 10 கிராம் உப்பு, 15 கிராம் நாட்டுச்சர்க்கரை, 3 கிராம் உடனடி ஈஸ்ட். மாவு சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்கும். கிரைண்டரில் மாட்டும் பிசைகருவியை நம்ப வேண்டாம், என்னுடையதில் மோட்டார் புகைந்தே விட்டது. கையால் 12 நிமிடம் பிசைந்து, ஏழு வளையங்களாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். புளிப்பு மெல்ல ஏறுவதால்தான் அந்தக் கடைச் சுவை வருகிறது. காலையில் ஒரு வளையத்தைக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் பதம். பேகல்காரர்கள் வேகவைக்கும் நீரில் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லியின் இனிப்புப் பாகு) சேர்ப்பார்கள். அது நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. கனடாவின் மான்ட்ரியல் நகரத்துப் பேகலுக்குத் தேன் கலந்த நீர்தான் வழக்கம், ஆகவே தேனே போதும். நீரிலிருந்து எடுத்த ஈரம் காயும் முன் எள்ளைத் தூவி, 220 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள்.

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து பள்ளத்தூர்ப் பெண்:

அடுமனைக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். கிளைகள் வைத்து நடத்தும் கடைகளில் பல, பேகலை நீரில் போடாமல் ஓவனுக்குள் நீராவியைப் பாய்ச்சிச் சுட்டுவிடுகின்றன. அதனால் அவற்றின் பேகல் சற்று மென்மையாகவும் பெரிதாகவும் இருக்கும். நியூயார்க்கின் பழைய கடைகளை விரும்புகிறவர்கள் இதைப் பேகல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பல் கட்டியிருப்பவர்களுக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம்.

ஆச்சி பட்டினி கிடந்திருக்க வேண்டியதில்லை. சாதா, எள், கசகசாப் பேகல்களில் பொதுவாக முட்டை இருக்காது. மஞ்சளாக இருக்கும் முட்டைப் பேகல் தனியாகவே பெயரிட்டு வைத்திருப்பார்கள். அடுத்த முறை வரும்போது பணியாளரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். எள், கசகசா, வெங்காயம், பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்துத் தூவிய எவ்ரிதிங் பேகலை ஆச்சிக்கு வாங்கிக் கொடுங்கள். கசகசா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: குருமாவுக்கென்று பிள்ளைகளுக்குக் கசகசாப் பொட்டலம் கட்டிக்கொண்டு துபாய் வழியாக யாரும் வர வேண்டாம். ஐக்கிய அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

காபிக்கு வருகிறேன். அந்தக் கடைக் காபியில் சிக்கரி கிடையாது. லிட்டர் நீருக்குச் சுமார் 60 கிராம் தூள் என்ற கணக்கில், காகித வடிகட்டியில் வடித்த நீர்த்த காபி அது. க்ரீம் சீஸின் கொழுப்பையும் உப்பையும் வாயிலிருந்து கழுவிவிட அப்படிப்பட்ட சுடுநீர் போன்ற பானம்தான் ஏற்றது. பாலும் சர்க்கரையும் திக்காக இருக்கும் நம் காபி தானே ஒரு பலகாரம். இரண்டு கனமும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. சிக்கரி இல்லாத தூளை வாங்கி, நீர்க்க வடித்து, பால் குறைவாக விட்டுக் குடித்துப் பாருங்கள்.

கோட்டையூர்:

வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் இருக்கிற ஊரில் பேகலா என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் கவுனி அரிசி நம்மவர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள், இன்று அது இல்லாமல் நம் கல்யாணப் பந்தி இல்லை. அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். பேகலும் ஊர்விட்டு ஊர் வந்த பண்டம்தான்: போலந்தின் கிராக்கோவ் நகர யூதச் சமூகத்தின் 1610ஆம் ஆண்டு விதிகளிலேயே அதன் பெயர் வருகிறது. குடியேறியவர்களோடு நியூயார்க் வந்து, நெடுங்காலம் தொழிற்சங்கத்தினர் கையால் உருட்டி, 1960களில் டேனியல் தாம்ப்சனின் உருட்டும் இயந்திரம் புகுந்த பிறகே இப்படி மூலைக்கு மூலை கிளை திறக்கும் அளவுக்கு மலிந்தது. என் மகள் ஊரில் ஒரு டஜன் கேட்டால் 13 கொடுக்கிறார்கள், அதை மட்டும் மறுக்க மனம் வரவில்லை.

தேவகோட்டையார்:

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் செய்தோம். முதலில் நீரில் போட்டது மூழ்கிவிட்டது. வெளியே அரை மணி நேரம் வைத்த பிறகு மிதந்தது. நீர் கொதித்த பாத்திரம் சிறியதாகையால் இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டன, மற்றவை பளபளவென்று வந்தன. க்ரீம் சீஸுக்குப் பதிலாகத் தயிரை இரவே துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புப் போட்டுத் தடவினேன். என் மனைவி அதன்மேல் வரமிளகாய்ப் பூண்டுத் துவையலைத் தடவிக்கொண்டு ஒன்று முழுவதையும் தின்றார். காபியை மட்டும் நீர்க்க வடிக்க அவர் ஒப்பவில்லை. பேகலைத் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, வழக்கமான காபியைத் தனியாகக் குடித்தார். மீதியை அறுத்து உறைபெட்டியில் வைத்திருக்கிறோம். அடுத்த முறைக்குப் பெரிய பாத்திரம், பரணில் இருக்கும் இட்லிக் கொப்பரையைத்தான் இறக்க வேண்டும்.