ஸ்டீராய்டு எடுத்தவர்களை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்காதது நியாயமா?

குமரன்:
சமீபத்தில்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். ஸ்டீராய்டு எடுத்ததாகச் சொல்லப்படும் பேரி பாண்ட்ஸ் மொத்தம் 762 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), 2001-ல் மட்டும் 73. ஆனாலும் 2022-ல், பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்ட கடைசி வாய்ப்பில், 66 சதவீதம்தான் கிடைத்தது, சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர 75 வேண்டும். அதே வருடம் டேவிட் ஓர்ட்டிஸ் முதல் முறையிலேயே தேர்வாகிவிட்டார். எல்லாரும் மருந்து எடுத்த காலம் என்றால் எல்லாருக்கும் அது சமம்தானே?

சுந்தர்:
அதேதான். அப்போது சோதனையே கிடையாது. லீக்கின் தலைமைப் பதவியான கமிஷனராக இருந்த பட் செலிக்கை ஹாலில் சேர்த்துவிட்டு ஆட்டக்காரர்களை மட்டும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்?

ராகவன்:
செலிக் விஷயத்தில் சுந்தர் சொல்வது சரி. ஆனால் "எல்லாரும் எடுத்தார்கள்" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நான் 90-களில் அட்லாண்டாவில் படித்தவன், பிரேவ்ஸ் ரசிகன். 1993 ஜூலை 20 அன்று ஃப்ரெட் மெக்ரிஃப் எங்கள் அணிக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பார்த்து மைதானத்தின் பிரஸ் பாக்ஸில் தீப்பிடித்து ஆட்டம் தாமதமானது. பிரேவ்ஸ் 0-5 என்று பின்தங்கியிருந்தது. மெக்ரிஃப் ஹோம் ரன் அடித்து ஸ்கோரைச் சமன் செய்தார், 8-5 என்று ஜெயித்தோம்.

அவர் 1989-ல் 36 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர். பத்து வருடத்துக்குள், மருந்து பரவிய காலத்தில், மார்க் மெக்வயர் 70, சாமி சோசா 66 என்று போனதும் அந்த 36-ஐ யார் மதிப்பார்கள்? மெக்ரிஃப் 493-ல் நின்றார். 1994-ல் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நிற்காமல் இருந்திருந்தால் 500-ஐ நிச்சயம் தாண்டியிருப்பார். மருந்து எடுத்தவர்கள் பற்றி 2007-ல் வந்த மிட்செல் விசாரணை அறிக்கையில் 89 பேர் இருந்தார்கள், அவர் பெயர் இல்லை. எழுத்தாளர்கள் பத்து வருடமும் அவரை ஒதுக்கினார்கள். 2022 டிசம்பரில் ஒரு கமிட்டிதான் ஒருமனதாகச் சேர்த்தது. மருந்தால் நஷ்டப்பட்டது இவரைப் போன்றவர்கள். பெயரே தெரியாமல் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கிலேயே முடிந்துபோனவர்களின் கணக்கை யார் எடுப்பது?

அப்புறம், சோதனை இல்லை என்பதால் தடை இல்லை என்று ஆகிவிடாது. கமிஷனர் ஃபே வின்சென்ட் 1991-லேயே ஸ்டீராய்டு கூடாது என்று எல்லா அணிகளுக்கும் எழுதிவிட்டார். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவது நாட்டுச் சட்டப்படியே குற்றம்.

குமரன்:
அப்படியானால் ஓர்ட்டிஸ்? 2003 சோதனையில் மாட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாகச் செய்தி வந்ததே.

ராகவன்:
அந்தச் சோதனை பெயர் வெளியிட மாட்டோம் என்ற உறுதியோடு நடந்தது. எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். 5 சதவீதத்துக்கு மேல் மாட்டியதால்தான் அடுத்த வருடம் நிஜமான சோதனை வந்தது. அந்தப் பட்டியலில் சில முடிவுகள் சந்தேகத்துக்குரியவை என்று 2016-ல் கமிஷனர் மன்ஃப்ரெடே சொன்னார். 2004-க்குப் பிறகு ஓர்ட்டிஸ் ஒரு முறையும் மாட்டவில்லை. கசிந்த ஒரு பெயரை வைத்து ஒருவரைத் தண்டிப்பதும் அநியாயம்தான். மேனி ராமிரெஸ் கதை வேறு, தண்டனை விதிகள் வந்த பிறகு இரண்டு முறை மாட்டினார்.

எனக்கு ஹாலைவிடப் பெரிய கவலை ஒப்பந்தம்தான். இப்போது முதல் முறை மாட்டினால் 80 ஆட்டத் தடை, இரண்டாவது முறை 162 (ஒரு முழு சீசன்), மூன்றாவது முறை ஆயுள் தடை. தடைக் காலத்துச் சம்பளம் போகும், மீதி ஒப்பந்தம் அப்படியே நிற்கும். ராபின்சன் கனோ இரண்டாவது முறை மாட்டி 2021 முழுக்க உட்கார்ந்தார். திரும்பி வந்ததும் மிச்சப் பணம் அவருக்காகக் காத்திருந்தது. இரண்டாவது முறை மாட்டினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அணிக்கு வேண்டும். ஆட்டக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளாமல் இது நடக்காது. மருந்து தொடாத ஆட்டக்காரர்களும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும்.

சுந்தர்:
ஒப்பந்தம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பாண்ட்ஸ் விஷயத்தில் இன்னும் மாறவில்லை. அவர் மருந்து எடுக்க ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் 1998-க்கு முன்பே மூன்று முறை எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்.