3.0 பிரிவில் வந்து ஆடும் 4.0 ஆட்டக்காரர்கள்: என்ன செய்யலாம்?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் பிக்கிள்பால் (சிறு மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடுவது) போட்டி நடத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். தன் தரத்தை அவரவரே எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் 3.0 பிரிவின் (எண் கூடினால் ஆட்டத் தரமும் கூடும்) ஓட்டை. மூன்றாவது அடியை கிச்சனுக்குள் (வலையை ஒட்டிய பகுதி) மெதுவாக இறக்கிவிட்டு, கோட்டருகே நின்று பத்துப் பதினைந்து டிங்க் (எதிரணியின் கிச்சனில் மெதுவாக விழும் அடி) பிசகாமல் போடுகிறவர் 3.0 என்றால் யார் நம்புவது?

ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடும், 2 முதல் 8 வரை போகும் டூப்பர் (DUPR) தர எண்ணைக் கேட்கலாம்தான். பதிவான ஆட்டமே நாலைந்து என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது. வேண்டுமென்றே தோற்றும் அதைக் குறைக்கலாம்.

எங்கள் யோசனை: முதலில் 11 புள்ளி ரவுண்ட் ராபின் (ஒவ்வொரு ஜோடியும் மற்ற எல்லா ஜோடியோடும் ஆடுவது), எல்லா ஆட்டத்திலும் எதிரணியை 4 புள்ளிக்குள் அடக்கும் ஜோடி 3.5க்கு ஏற வேண்டும். ஆனால் கெட்டிக்காரர்கள் 11-8 என்று இழுத்து முடிப்பார்களே! ஸ்கோரை விட்டுவிட்டு, ஆட்டத்தைப் பார்த்தே பிரிவு மாற்றுகிறீர்களா? கட்டணம் வாங்கியபின் மாற்றினால் தகராறுதான். அதற்கு நுழைவுப் படிவத்தில் என்ன வாசகம் சேர்த்தீர்கள்?