மொட்டை மாடியில் மொபைல் ஆன்டெனா: எச்சரிக்கைப் பலகையில் என்ன எழுதச் சொல்வது?

ரவி_தாம்பரம்

வணக்கம். தாம்பரம் பக்கம் ஆறு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் ஒரு மொபைல் கம்பெனி மூன்று மூலைகளில் கம்பம் நட்டு, ஆளுக்கொரு திசையாகப் பேனல் ஆன்டெனா மாட்டியிருக்கிறது. இரண்டு நல்ல உயரத்தில் இருக்கின்றன. மேற்கு மூலையில் இருப்பது மட்டும் கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலேயே இருக்கிறது.

போன வாரம் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். மேலே கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து இறங்குகிற வேலை. காலை பத்து மணி இருக்கும், ஒரு பெயிண்டர் மேற்குச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "சார், இந்தப் பெட்டிக்கு முன்னாடி உட்காந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். பேனலுக்கும் அவர் முதுகுக்கும் இரண்டு அடி கூட இல்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. இறங்கி வரச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் வேலை இன்னும் நிற்கிறது.

பலகை இல்லாமல் இல்லை. படிக்கட்டுக் கதவில் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். முழுக்க ஆங்கிலம், வெயிலில் வெளுத்து எழுத்து பாதி போய்விட்டது. அதைவிட மோசம், அந்தக் கதவைக் காலையில் திறந்து செங்கல் வைத்து நிறுத்திவிடுவோம். பலகை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்பது வருடமாக இங்கே வேலை செய்கிறேன், நானே அதை முழுதாகப் படித்ததில்லை. அந்தப் பெயிண்டருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

புதுப் பலகை வைக்கலாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். எத்தனை வைப்பது, எங்கே வைப்பது, என்ன எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரிக்கர்

தம்பி, அவரை இறக்கியது சரி. பதினாலு வருஷம் டவர் ஏறியவன் சொல்கிறேன்.

பேனலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இருக்கிறது. கேபிள் வருகிற, கம்பத்தோடு கிளாம்ப் போட்ட பக்கம் பின்பக்கம். வழவழவென்று மூடியாக இருப்பது முன்பக்கம், அலை போவது அந்த வழியாகத்தான். உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க வருகிறவர் பேனலின் பின்னால் நடக்கிறார், அவருக்குப் பெரிதாகக் கவலை இல்லை. சுவரைத் தாண்டி வெளியே தொங்குகிற பெயிண்டர், ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டுகிறவர், கண்ணாடி துடைக்கிறவர், இவர்கள்தான் நேராக முன்னால் போய் நிற்பவர்கள். படிக்கட்டுக் கதவுப் பலகை அவர்களுக்கு எதையும் சொல்லாது. மேற்குச் சுவரிலேயே, கயிறு கட்டுகிற இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி இன்னொன்று வேண்டும்.

கரண்ட் என்றால் தொட்டதும் உதறும், நெருப்பு என்றால் கிட்டப் போகும்போதே சுடும். இந்த அலை அப்படி இல்லை. நாங்கள் ஏறும்போது சட்டை மேல் ஒரு சின்ன மானிட்டர் மாட்டிக்கொள்வோம். அளவு கூடினால் கத்தும். அது கத்தி நான் இறங்கிய நாட்களில் ஒருநாள் கூட உடம்பில் எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. உங்கள் பெயிண்டரிடம் அந்த மானிட்டர் கிடையாது, அவருக்கு இருப்பது பலகை மட்டும்தான்.

இப்போது நிற்கிற வேலைக்கு, கம்பெனிக்குப் போன் செய்து மேற்கு செக்டாரை, அதாவது மேற்குப் பக்க ஆன்டெனாவை மட்டும் நிறுத்தித் தரச் சொல்லுங்கள். தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுத்தியாச்சு என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகு ஆளை ஏற்றுங்கள். நீங்களாகக் கேபிளைப் பிடுங்கவோ மெயினை அணைக்கவோ கூடாது. பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் அணைந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

மடிப்பாக்கம்_வாசு

எல்லாரும் போனைக் காதில் வைத்துத்தான் பேசுகிறோம். டவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? இப்படி எழுதினால் வாடகைக்கு இருப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

அலைவரிசை_மீனா

வாசு சார், வாடகைக்காரர்கள் பதறக் கூடாது என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கீழே ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் பேனலுக்கு இரண்டு அடியில் தொங்குபவருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலை அளவெடுப்பதுதான் என் வேலை, அதனால் ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

பேனலுக்குள் 20 வாட் போகிறது என்று வையுங்கள். பேனல் அதை ஒரே பக்கமாகக் குவித்து அனுப்புவதால், அந்தத் திசையில் சுமார் 1000 வாட்டுக்குச் சமமாகிவிடும். 20 மீட்டரில் அது சதுர மீட்டருக்கு 0.2 வாட், 10 மீட்டரில் 0.8, 2 மீட்டரில் 20. தூரம் பாதியானால் அளவு நாலு மடங்கு. இன்னும் கிட்டே போனால் இந்தச் சூத்திரமே பொருந்தாது, கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, இந்த மாதிரி அலைகளுக்குப் பாதுகாப்பு வரம்பு சொல்கிற சர்வதேச அமைப்பான ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. 1998-இல் பொதுமக்களுக்குச் சொன்ன வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒரு பங்காக்கி 0.45 என்று வைத்தது. பேனலுக்குப் பின்னால் இந்த அளவு நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். ரிக்கர் அண்ணன் சொன்ன முன்பக்கம், பின்பக்கம் இதுதான்.

நிச்சயமாகத் தெரிந்த பாதிப்பு சூடு. அலை உடம்புக்குள் போய்ச் சூடாக்கும். கண், விதைப்பை போன்ற இடங்களில் அந்தச் சூட்டை எடுத்துப்போக ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அவை முதலில் பாதிக்கப்படலாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் டாக்டரைக் கேட்காமல் அந்த மூலைக்கே போகக் கூடாது.

ரவி சார், ஒரு விஷயம் கட்டாயம் பாருங்கள். பலகைக் கடையில் மஞ்சளில் மூன்று கறுப்பு இதழ் போட்ட படத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது எக்ஸ்ரே அறைக்கும் கதிரியக்கப் பொருளுக்கும் உரியது. உங்களுக்கு வேண்டியது மஞ்சள் முக்கோணத்துக்குள் ஒரு கம்பம், அதன் இரு பக்கமும் அலை வளைவுகள். வாடகைக்காரர்களின் பீதி பாதிக்கு மேல் அந்தத் தவறான படத்தால் வருகிறது.

நியூஜெர்சி_செந்தில்

நான் இங்கே மூன்று கட்டடங்களுக்கு மேனேஜர். அமெரிக்காவில் தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அரசு அமைப்பான எஃப்.சி.சி. 2019-இல் போட்ட உத்தரவில் பலகைகளைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். பொதுமக்கள் வரம்புக்குள் இருக்கிற இடத்துக்குப் பலகை கட்டாயமில்லை, விரும்பினால் பச்சையில் தகவல் பலகை வைக்கலாம். பொதுமக்கள் வரம்பைத் தாண்டி, பயிற்சி பெற்ற தொழிலாளிக்கான வரம்புக்குள் இருந்தால் நீலம். தொழிலாளி வரம்பையும் தாண்டினால் மஞ்சள். அதைப் போல பத்து மடங்குக்கு மேல் போனால் ஆரஞ்சு. தொட்ட உடனே பலத்த காயம் வரும் என்கிற இடத்துக்குச் சிவப்பு.

வேலைக்கு வந்த முதல் வருடம் இந்த நிற வரிசை எனக்குத் தெரியாது. நீலப் பலகையைப் பார்த்துவிட்டு, நீலம்தானே என்று கூரை ரிப்பேர்க்காரரை அனுப்பிவிட்டேன். அவர் கொஞ்ச தூரம் போய் மஞ்சள் பலகையைப் பார்த்துவிட்டு, அவராகவே திரும்பி வந்து என்னைக் கேட்டார். வாசலில் நீலம், உள்ளே ஆன்டெனாவுக்குக் கிட்டே மஞ்சள், தரையில் கோடு என்று அடுக்கடுக்காக வைத்திருந்ததால்தான் அவர் நின்றார். ஒரே பலகையை வாசலில் மட்டும் வைத்திருந்தால் நேராகப் போயிருப்பார். இங்கே சில ஆன்டெனாக்களைப் புகைபோக்கி மாதிரி ஃபைபர் கூட்டுக்குள் மறைத்து வைக்கிறார்கள். அந்த இடத்தில் பலகை இல்லையென்றால் ஆன்டெனா இருப்பதே யாருக்கும் தெரியாது.

அந்த விதியில் எனக்குப் பிடித்தது, பலகையில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பது. எச்சரிக்கைச் சொல்லும் அதற்கான நிறமும், ஆர்.எஃப். படம், அலை எதிலிருந்து வருகிறது, பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். வெறுமனே "அபாயம்" என்று எழுதினால் பெயிண்டர் எத்தனை அடி தள்ளி நிற்பார்?

கடலோடி_தூத்துக்குடி

கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருக்கிறேன். மாஸ்டில் (ரேடார் இருக்கிற உயரக் கம்பத்தில்) ஆள் ஏறும் முன் ரேடாரை நிறுத்தி, அதன் சுழலும் ஆன்டெனாவான ஸ்கேனர் பக்கத்திலிருக்கிற பாதுகாப்பு சுவிட்சையும் போட்டுவிடுவோம். அதோடு, கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜில் ரேடார் பட்டன் மேலேயே "மேலே ஆள் இருக்கிறார், போடாதே" என்று பலகை தொங்கும். போட்டவர்தான் எடுக்க வேண்டும். ஏறுபவர் பார்க்க ஒரு பலகை, சுவிட்ச் போடப் போகிறவர் பார்க்க ஒரு பலகை. உங்கள் பெயிண்டர் தொங்கும்போது அந்தக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் யாராவது செக்டாரைத் திரும்ப ஆன் செய்யாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

ரவி_தாம்பரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். படிக்கட்டுக் கதவில் இல்லாமல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் கயிறு கட்டுகிற கொக்கிக்கு மேலே ஒன்று. தரையில் மஞ்சள் கோடும் போடப் போகிறோம். மேற்குச் சுவருக்கு இப்படி:

"நில்லுங்கள். இந்த வெள்ளைப் பெட்டி மொபைல் ஆன்டெனா. இதன் முன்னால் அலை பலமாக இருக்கும், உடம்புக்குத் தெரியாது. ஆன்டெனாவை நிறுத்தாமல் இந்தச் சுவரில் ஏறவோ கயிறு கட்டி இறங்கவோ கூடாது. முதலில் சூப்பர்வைசரிடம் கேளுங்கள்." கீழே என் நம்பர், கம்பெனி நம்பர், சைட் நம்பர்.

அந்தப் பெயிண்டரிடமே படிக்கக் கொடுத்தேன். "ஏறக் கூடாதுன்னா, பெட்டிக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரத்துக்கு?" என்று கேட்டார். மஞ்சள் கோட்டுக்கும் அந்த அளவுதான் வேண்டும். கம்பெனியிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் சேர்த்துவிடுவேன்.

பழைய_ரிக்கர்

அருமை தம்பி. அச்சடிக்கும் முன்னால் அந்தக் கம்பெனி நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

ரவி_தாம்பரம்

அண்ணா, பழைய பலகையிலிருந்து எடுத்த நம்பர் அது. இப்போதுதான் கூப்பிட்டேன், உபயோகத்தில் இல்லை என்கிறது. பில் அனுப்புகிற ஆபீஸ் வழியாகப் புது நம்பர் வாங்கிவிட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்கிறார்களா என்று இன்றைக்கே பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கிறேன்.