மறு: புள்ளி கூட்டி எண்ணும் வாக்குமுறைக்குப் பெயர் வேண்டும், அவசரம்

(எங்கள் சொல்லாக்கக் குழு மடல்கள். எழுதுகிறவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறது.)

காரைக்குடி கணக்கு டீச்சர் எழுதியது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். விருப்பங்களை வரிசையாக எழுதச் சொல்லி, இடத்துக்கு இத்தனை புள்ளி என்று கூட்டி வெற்றியை முடிவு செய்கிற முறை. போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் 1770இல் சொன்னது, அவர் பெயராலேயே வழங்குகிறது. 'போர்டா எண்ணிக்கை' என்று போட்டால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

வகுப்பில் போட்ட கணக்கு இது. 30 பேர், மூன்று பலகாரம். முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1, கடைசிக்குச் சுழி. 16 பேர் கந்தரப்பம், சீயம், தேன்குழல் என்றும், 14 பேர் சீயம், தேன்குழல், கந்தரப்பம் என்றும் எழுதுகிறார்கள். கூட்டினால் கந்தரப்பம் 32, சீயம் 44, தேன்குழல் 14. பாதிக்கு மேல் கந்தரப்பம் கேட்டும் சீயம் ஜெயிக்கிறது! "அப்ப மெஜாரிட்டி எதுக்கு டீச்சர்?" என்று ஒருத்தன் சண்டைக்கு வந்துவிட்டான். தேன்குழலை எடுத்துவிட்டு எண்ணச் சொன்னேன்: 16க்கு 14, கந்தரப்பம். யாருமே முதலில் எழுதாத தேன்குழல்தான் முடிவைப் புரட்டியிருக்கிறது. 'புள்ளி வாக்கு' என்று போடட்டுமா?

தேவகோட்டை:

அம்மா, 'வாக்கு' வடசொல். குடவோலை கண்ட நமக்கு ஓலை இல்லையா? பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது, அதற்கும் முன்னே அகநானூற்றிலேயே ஓலை இருக்கிறது. வரிசைக்கு 'நிரல்'. நிரல்நிறை அணி படிக்காதவர் இந்தக் குழுவில் உண்டா? நிரை, நிரவு, நிரல், நிரப்பு எல்லாம் ஒரே வேர், வெட்சியார் கவர்ந்த ஆநிரையும் அதுவே. ஆகவே நிரல் + புள்ளி + ஓலை = நிரற்புள்ளியோலை.

பள்ளத்தூர்:

அண்ணே, குடவோலை குலுக்கல். குடத்தில் சின்னப் பையன் கைவிட்டு எடுத்தால் தீர்ந்தது, அங்கே கூட்டலே கிடையாது. 'நிரல்' என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல்தான். நிரற்புள்ளியோலையைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணியடித்துவிடும்.

கானாடுகாத்தான்:

'புள்ளி வாக்கு' இந்தப் பக்கம் எடுபடாது டீச்சர். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான குடும்பம்தானே புள்ளி, புள்ளி வரி அப்படித்தானே போடுகிறார்கள். என் மாமனாரிடம் சொன்னேன், "புள்ளிக்கு ஒரு ஓட்டா? ரொம்ப நியாயம்" என்றார். அப்புறம் கோயில் கணக்கு, பர்மாக் கணக்கு என்று ஒரு மணி நேரம் போனது, அதை இங்கே எழுதவில்லை.

கோட்டையூர்:

'விருப்ப வரிசை வாக்கு' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் விருப்ப வரிசைதான் எழுதுகிறார்கள், ஆனால் அங்கே புள்ளி கிடையாது. கடைசியில் இருப்பவரை நீக்கி அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இரண்டும் குழம்பினால் பிள்ளைகள் பாவம். புள்ளி போடுகிற இடத்திலும் அளவு ஒன்றில்லை: நவூரு தீவு நாட்டுத் தேர்தலில் 1971 முதல் முதலிடத்துக்கு 1, இரண்டாவதுக்கு அரை, மூன்றாவதுக்கு மூன்றில் ஒன்று. எனவே பெயரில் வரிசையும் வேண்டும், புள்ளியும் வேண்டும், எத்தனை புள்ளி என்பது வேண்டாம்.

பள்ளத்தூர்:

இதற்கே அந்த முறையில் வாக்கெடுப்பு வைக்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால்: தேவகோட்டை அண்ணன் ஒப்புக்கு இன்னொரு சொல்லை நடுவில் நுழைத்து ஜெயித்துவிடுவார். தேன்குழல் கணக்கை அவரும் படித்திருக்கிறார்.

காரைக்குடி:

சரி, 'வரிசைப் புள்ளி முறை' என்று போட்டு அனுப்புகிறேன். ஐயாவுக்காக வாக்கை எடுத்துவிட்டேன்.

கானாடுகாத்தான்:

வரிசை என்றால் எங்கள் வீட்டில் சீர்வரிசை. ஆனாலும் சம்மதம், விடுங்கள்.

தேவகோட்டை:

எனக்குச் சம்மதமில்லை. வாக்கு போனது நல்லது, ஓலை வரவில்லையே. அடிக்குறிப்பிலாவது 'நிரற்புள்ளி' என்று சேர்க்கச் சொல்கிறேன். நிரல் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.