நான்கே முக்கால் ஆண்டுப் பணி: பணிக்கொடைக்கு எங்கே மனு செய்வது?

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018 ஜூலை 16 அன்று மென்பொருள் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்த நான், 2023 ஏப்ரல் 28 அன்று ஆட்குறைப்பில் வேலையிழந்தேன். இறுதிக் கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை. ஐந்து ஆண்டுகள் நிறைவடையவில்லை என்பதே மனிதவளத் துறை கூறும் ஒரே காரணம்.

ஐந்தாம் ஆண்டில் 240 நாட்கள் பணிபுரிந்தாலே அதை முழு ஆண்டாகக் கொள்ளலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்திருப்பதையும், வாரத்துக்கு ஆறு நாட்களுக்குக் குறைவாக இயங்கும் அலுவலகங்களுக்கு அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 2ஏ பிரிவு 190 நாட்களே கேட்டதையும் சுட்டிக்காட்டி இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். மே 10 அன்று, பணிக்கொடை கேட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்கும் 'ஐ' (I) படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மே 29 அன்று எழுத்துமூலமாகவே மறுத்துவிட்டார்கள். இரவுப் பணியிலும் பண்டிகை நாட்களிலும் உழைத்துச் சேர்த்த பணம் இது. விட்டுவிட எனக்கு மனமில்லை.

அடுத்தது, நிறுவனம் மறுத்தால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு செய்வதற்கான 'என்' (N) படிவம். அதற்கு 90 நாள் கெடு. நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருப்பதால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரிடம்தான் செல்ல வேண்டும் என்கிறார் ஒரு நண்பர்; மாநிலத் தொழிலாளர் துறையே போதும் என்கிறார் இன்னொருவர்.

பல மாநிலங்களில் கிளைகளுள்ள நிறுவனத்தின் மீது சென்னையில் இவ்வாறு மனு செய்தவர்கள், அதை எந்த அதிகாரியிடம் அளித்தீர்கள்?