புதுப்பிப்பு: எம்ஜிபி ஸ்போக் வீல் நட்டுகள்

என் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) சக்கரங்களை நடுவில் ஆளுக்கொன்றாகப் பிடிக்கும் நட்டுகள் இவை; சுத்தியலால் அடித்து முடுக்க காதுபோல இரண்டு நீட்டங்கள் இருக்கும். காது நசுங்கிய நான்கு நட்டுகளுக்கும் குரோம் போடுவதா, புதிதாக வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, வேலை முடிந்தது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நட்டை மட்டும் ஹப்பில் (சக்கரம் உட்காரும் அச்சுமுனையில்) பாதி ஏற்றி ஆட்டிப் பார்த்தேன். இடப்பக்க நட்டுகள் அசையவில்லை, மரை நன்றாக இருந்தது. வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் காதுகளை அரம் போட்டு, பஃபிங் செய்து, குரோம் ஏற்றினேன். மரையிலும் உள்ளே சக்கரத்தில் உட்காரும் கூம்பு முகத்திலும் குரோம் படியாமல் மறைக்கச் சொன்னேன். அதுதான் முக்கியம்.

வலப்பக்கம் மரையே தேய்ந்திருந்தது. அதற்குக் குரோம் மருந்தில்லை, புதுசுதான். வலப்பக்கத்துக்கு இடமரை (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் இறுகும் மரை), ஆர்டரில் மறக்காமல் சொல்லுங்கள்.

செம்புச் சுத்தியலால் அடித்து முடுக்கி, எண்ணூர் வரை போய்வந்து மறுபடி அடித்தேன். ஒன்று மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. அதை நாளைக்கும் பார்ப்பேன்.